சீமெந்து அடைத்த கல்வீடு

மொன்றியலில் நான் இருந்த கல்வீட்டை ஸ்கொட்லாந்து மேசன்மார் கட்டினார்கள் என்று விற்றவன் சொன்னான். நூறு வருசத்துக்கு மேல் பழசு. கல்வீடு என்று பெயர்தான். முகம் மட்டுமே சாம்பல் கல். பக்கச் சுவர் செங்கல், கல்லுக்குப் பின்னால் தடித்த பலகை. மூன்று தட்டு. நடுத்தட்டில் நாங்கள். ஏறுகிற இரும்புப் படி வெளியே, றோட்டுப் பக்கமாக வளைந்து நிற்கும். பனிக்காலத்தில் அதில் குளிர்பெட்டி ஏற்றிய கதையைச் சொன்னால் பொழுது விடியும். அதை விடுவோம். உள்ளே ரயில் பெட்டி மாதிரி அறைக்குப் பின்னால் அறை. நடு அறைக்கு யன்னலே இல்லை.

"முன்னுக்கு மாளிகை, நடுவில மறியற்கூடம்" என்பாள் மனுசி.

அந்த அறையில்தான் அவள் போனாள். நானும் அங்கேயே கண்ணை மூட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

வீடு வாங்கிய புதிதில் கல் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். இடையில் இருந்த பூச்சு, மா மாதிரி உதிர்ந்தது. ஊரில் ஒன்பது வருசம் மேசன்மாருக்குக் கலவை சுமந்தவன் நான். எங்களுக்குச் சுவர் என்றால் சீமெந்துதான். கோயில் மதில், கிணற்றுக்கட்டு எல்லாம் அதுதான். அப்போது டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் ஏணி வைத்து, இரண்டு கோடை, இடுக்கிடுக்காகச் சுரண்டிச் சீமெந்து அடைத்தேன். கீழ்த்தட்டில் இருந்த திருகோணமலைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணை, இனி ஷெல் விழுந்தாலும் அசையாது!"

"ஓம், உம்மட வாய் மூடினாலும் மூடும், இது திறக்காது" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

சில பனிக்காலம் போக, கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கியது. கல் பழசு, அதுதான் என்று நினைத்தேன். இந்த வசந்தத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவு துண்டொன்று நடைபாதையில் விழுந்தது. நல்லகாலம், ஆள் இல்லை. நகருக்கு வெளியே கர்க்லாண்டில் இருக்கும் மகன் ஒரு வயதான பிரெஞ்சு மேசனைக் கூட்டிவந்தான். அவர் சுவரைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார், மகனோடு கதைத்தார்.

"என்னவாம்?"

"முந்திப் பூசினது சுண்ணாம்பாம், அப்பா. கல்லுக்குள்ள போற தண்ணி அதாலதான் வெளியில வாறதாம். சீமெந்து அடைச்சதால தண்ணி உள்ளுக்கையே உறைஞ்சு கல்லை வெடிக்க வைக்குதாம்."

"ஆர் செய்ததெண்டு கேட்டவரோ?"

"முந்தியிருந்த ஆக்கள் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம். நெஞ்சில் கையை வைத்து "மொவா", நான்தான், என்றேன். மேசன் என் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மெதுவாக ஏதோ சொன்னார். மகன் நிலத்தைப் பார்த்தான்.

"சொல்லு."

"வேலை வலு சுத்தமாம், அப்பா. அதாலதான் கல்லை உடைக்காமக் கழட்டேலாதாம். வீட்டு முகம் முழுக்க இறக்க வேணுமாம், எப்ப விழுமெண்டு தெரியாதாம். இனி ஒருத்தரும் உள்ளுக்க இருக்கக்கூடாதாம்."

"வாற ஒரு பனிக்காலம் மட்டும் தாங்குமோ எண்டு கேள்."

"சாமான் பேந்து எடுப்பம், அப்பா. மருந்துக் குளிசையை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"கேளடா."

அவன் போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.