சோபா விளம்பரத்தில் என் அதட்டல்

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் எங்கள் எதிர் அபார்ட்மென்டில் ஒரு சீன நடிகர் குடியிருந்தார். இதைச் சொன்னால் உடனே எல்லோரும், காற்றில் பறந்து பறந்து உதைப்பவரா என்று கேட்கிறார்கள். இல்லை. இவர் உதை வாங்குகிறவர். அதுவும் முதல் உதையிலேயே செத்துப்போகிறவர்.

நாங்கள் அறிமுகமானது அபார்ட்மென்டின் பொதுத் துணி துவைக்கும் அறையில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பகல்வேளை. டிரையரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, இடுப்பிலிருந்த மகளை இறக்கிவிட்டு, வீட்டுக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, இரண்டு கண்ணிலும் கண்ணீர் ஒரே அளவு வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நடிப்புப் பயிற்சியாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் பேச்சு வளர்ந்ததற்குக் காரணம், பகலில் அந்த வளாகத்தில் பேச வேறு ஆளே கிடையாது. என் கணவர் சாஃப்ட்வேர். நடிகரின் மனைவி சிப் கம்பெனியில் இன்ஜினியர், இருவருக்கும் கிரீன் கார்டும் வந்துவிட்டது. அதனால் நடிகர் வேலை தேடலாம். என் விசாவில் நான் மூச்சு விடலாம், அவ்வளவுதான். எனக்கு கார் ஓட்டவும் தெரியாது. இரண்டரை வயது மகள் ஒருத்தி, அவளைத் துரத்துவது முழுநேர உத்தியோகம்.

தன் கதையை அவர் உட்கார்ந்து சொன்னதே இல்லை. நடித்துத்தான் காட்டுவார். அவர் அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தவர். பத்து வயதில், ஊருக்கு வந்த நாடகப் பள்ளிக்காரர்கள் பையன்களை வரிசையாக நிறுத்திப் பின்பக்கமாக வளையச் சொன்னார்களாம். இவர் வளைந்தார். நிமிர முடியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துக்கொண்டார்கள் என்றார். எங்கள் கார்ப்பெட்டில் வளைந்தும் காட்டினார். நிமிர்த்துவதற்கு நான்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பள்ளியில் கேள்வி கேட்கக் கூடாது. வாத்தியார் செய்வதை அப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல், திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு வாத்தியாருக்கு மூட்டு வலி. குதிப்பதற்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொள்வார். விளைவு, அந்த வட்டாரத்தில் பல வருஷம் ராஜா, மந்திரி, குரங்கு எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் குதித்தார்களாம். ஜனங்கள் அதையே பெரிய கலை நுணுக்கம் என்று கைதட்டினார்களாம்.

இவருக்குக் குரல் உடைந்தது, உடைந்தபடியே நின்றுவிட்டது. பாட்டு போயிற்று. அதனால் மேடையில் இருமும் கிழவர் வேஷம், இல்லாவிட்டால் பிணம். பிறகு டெலிவிஷன் தொடர்கள் வந்தன. அதில் காவலாளி, சிப்பாய், கோட்டை வாசலில் ஈட்டியோடு நிற்பவர். வாயைத் திறப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு அம்பு வந்துவிடும். திரையில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட, அவர் பேசியதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் நடிக்கவில்லை.

சாவு வகைகளை எங்கள் ஹாலில்தான் செய்து காட்டுவார். முதல் தடவை என் கணவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்து, கார்ப்பெட்டில் முகம் தெரியாத ஒரு ஆள் வாயைப் பிளந்து கிடப்பதைப் பார்த்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் போனுக்கு ஓடினார்.

"என்னடி இது? யாருடி இவரு? நைன் ஒன் ஒன் கூப்பிடவா?"

"கூப்பிடாதீங்க. எதிர்வீட்டுக்காரர். ப்ராக்டிஸ் பண்றார்."

ஒரு மாதத்தில் அவருக்கும் பழகிவிட்டது. "இன்னிக்கு என்ன, பாய்சனா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போய் காபி கேட்பார்.

நடிகரின் மனைவி கெட்டவர் இல்லை. கணக்கு வழக்கு தெரிந்தவர். அந்தக் காலத்தில் சன்னிவேலில் வீட்டில் சும்மா இருக்கும் யாரைப் பார்த்தாலும் பிடித்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸில் தள்ளிவிடுவார்கள். டாக்டருக்குப் படித்தவர், சமஸ்கிருதம் படித்தவர், எல்லோரும் போனார்கள். அந்த அம்மாளும் கணவருக்கு ஓர் இடம் பிடித்துவிட்டு, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வகுப்பு தொடங்குவதற்குள் அமெரிக்க டீவியில் வாயைத் திறந்து ஒரு வரி பேசு. அதைப் பார்த்து, நீ நடிகன்தான் என்று எனக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் உன்னை விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை வகுப்பு, பிறகு நடிப்பு என்ற பேச்சே வீட்டில் கூடாது.

நடிகர் நேராக என்னிடம் வந்து, "டீச்சர்" என்றார். கான்வென்ட்டில் ஆங்கிலம் ஒப்பித்து எலக்யூஷன் பரிசு வாங்கியதை நான் அவரிடம் பெருமையடித்திருந்தேன். அதன் பலன்.

ஆடிஷனுக்கு வரும் வசனங்களை நான் முதலில் படித்துக் காட்ட வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சும்மா படிப்பேனா? புடவையைச் சரிசெய்து, கைகளைக் கோத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, கவர்னர் முன்னால் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். போலீஸ்காரர் வேஷத்துக்குப் போனார். கைகளைக் கோத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, "துப்பாக்கியைக் கீழே போடு" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார். அனுப்பிவிட்டார்கள். டாக்டர் வேஷம், பீட்சா கொண்டுவருபவர் வேஷம், எல்லாம் அதே கதி. பீட்சாவையும் கவர்னருக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தாராம்.

கடைசியாக உள்ளூர் சானலுக்கு ஒரு சோபா கடை விளம்பரம். சோபாவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: "இந்த சோபா எவ்வளவு சுகம், இனி நான் எழுந்திருக்கவே மாட்டேன்." அவர் தாளோடு வந்து நின்ற நாளில் எங்கள் வீட்டில் சாயங்காலம் விருந்து. மூன்று குடும்பங்களைக் கூப்பிட்டுவிட்டு, காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார் என் உத்தம புருஷன். அடுப்பில் சாம்பார், கையில் வடை மாவு. எலக்யூஷனுக்கு எங்கே போவது? கிச்சனிலிருந்தபடியே கத்தினேன்.

முதல் பாதியைச் சொன்னேன். மகள் வி.சி.ஆர். வாயில் அப்பளத்தைச் செருகப் போனாள். "ஏய், கைய எடு! தொட்டே, பிச்சுடுவேன் பிச்சு!" என்று அதட்டிவிட்டு, இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, மீதிப் பாதியைச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன். என் மகள் விட்ட இடத்திலிருந்து தொடருகிறவள், சரியாக அதே இடத்தில் மறுபடியும் அப்பளம். மறுபடியும் அதட்டல். மூன்றாவது முறையும் அப்படியே. அவர் தலையாட்டி, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். எனக்கு வடை தீய்ந்துவிட்டது.

ஆடிஷன் முடிந்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. செய்துகாட்டுகிறேன் என்று எங்கள் சோபாவில் உட்கார்ந்தார். முதல் பாதியைச் சொன்னார். சட்டென்று இடப்பக்கம் திரும்பி, கண்ணை உருட்டி, "ஏய், கைய எடு! தொட்டே, பிச்சுடுவேன் பிச்சு!" என்று சுத்தமான மெட்ராஸ் தமிழில் அலறினார். இடுப்பில் கையைத் துடைத்தார். சிரித்தார். எழுந்திருக்கவே மாட்டேன் என்று முடித்தார்.

எனக்கு மானமே போய்விட்டது. அது வசனத்தில் இல்லை, ஐயா, அது என் பெண்ணைத் திட்டியது என்றேன். அவர் குழம்பிப்போனார். மூன்று தடவையும் அதே இடத்தில் சொன்னீர்களே டீச்சர் என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குதித்த ஊர்க்காரர், வேறென்ன சொல்வார்? கோர்ஸுக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே போன் வந்தது. அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! குழந்தைகளைத் திட்டுவதற்குக்கூட எழுந்திருக்க மனம் வராத சோபா, என்ன அருமையான கற்பனை என்று டைரக்டர் சிலிர்த்துப்போனாராம். நடுவில் வரும் அந்தச் சீன மொழி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொன்னாராம். அது சீனமில்லை என்று இவர் சொல்லவில்லை. சொல்லவிடாமல் நானும் பார்த்துக்கொண்டேன்.

விளம்பரம் வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் வகுப்பு. எங்கள் டீவி பெரியது என்பதால் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்புக்கான புதுப் பையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் கூலிக்கு நடித்ததெல்லாம் தொழிலாகிவிடாது என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. நடிகர் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு வெளுத்துப்போய், டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீப்பாயில் சுடச்சுட காபி வைத்திருந்தேன்.

சோபா வந்தது. அவர் வந்தார். முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது. பிறகு திரும்பினார். ஐயோ, அந்தத் திரும்பல், அந்தக் கண், அந்தப் புருவம்! நான் இவ்வளவு கோரமாகவா இருப்பேன்? என் கணவர் என்னையும் டீவியையும் மாறி மாறிப் பார்த்து, "அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்டி" என்றார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏனென்றால் அந்த நேரத்தில் டீப்பாய் பக்கத்தில் என் மகள், சுடுகாபி டம்ளருக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. "ஏய், கைய எடு!" என்று டீவி அதட்டியது. சூடுபட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உதடு பிதுங்கியது. என் பக்கம் திரும்பவேயில்லை. டீவியில் இருந்த சீனரை நிமிர்ந்து பார்த்து, "சாரி, அம்மா" என்றாள்.

விளம்பரம் முடிந்து ஏதோ ஷாம்பூ ஓடியது. அந்த அம்மாள் சுவரைவிட்டு வந்து என் மகள் முன்னால் மண்டியிட்டு, அவள் கண்ணீரைத் துடைத்து, அப்படியே திரும்பித் தன் கணவரை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவள் நம்பிவிட்டாள்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு புதுப் பையை எடுத்து என் மகளிடம் கொடுத்து, இதில் பொம்மை போட்டுக்கொள், இவருக்கு நாளைக்கு வகுப்பு இல்லை என்றார்.

நடிகர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெற்ற பெண் இன்னொருவரைப் பார்த்து அம்மா என்றதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.