சூளையில் வெந்த கிண்ணம்

எதிர்வீட்டு மும்தாஜின் கணவர் துபாயில் இருக்கிறார். அவர் வாங்கித் தந்த ஓவனில் அவள் பீங்கான் பாத்திரத்தை வைத்து, அரபு நாட்டு மந்தி சோறு செய்து கொடுத்தனுப்பினாள். என் கணவர் விரலை நக்கியபடி, "சோறுன்னா இதான் சோறு!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

எங்களிடம் ஓவன் இல்லை. ஆனால் இவருக்கு வேலை பீங்கான் கம்பெனியில். 'சூளையிலேயே வெந்தது, கேஸ் அடுப்புக்கா பயப்படும்?' என்று, இவர் கொண்டுவந்த பீங்கான் கிண்ணத்தில் கோழியும் அரிசியும் போட்டு நேராகத் தீயில் வைத்தேன். படாரென்று வெடித்தது. ஒரு சில்லு காதை உரசிக்கொண்டு பறந்தது.

சத்தம் கேட்டு மும்தாஜ் ஓடிவந்தாள். "ஒண்ணும் ஆவலியேக்கா? பீங்கான் கம்பெனிக்காரர் வூட்டுலயே நேரா தீயில வெப்பாங்களா?" என்றாள். அன்றும் அவள் சோறுதான். இவர் மறுசோறு கேட்டு வாங்கினார்.

இப்போது பீங்கானை அடுப்புப் பக்கமே கொண்டுபோவதில்லை. அவள் சமையல் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். இவர் போய்த் திறந்துவிடுகிறார்.