மணிக்குள் புல்

சார்டீனியா மலையில் ஆடு வைத்திருப்பவன் கடையில் நின்று கழுத்து மணிகளை ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்த்து, காதாலேயே பொறுக்கி, மந்தைக்கென்று ஒரு குரல் சேர்ப்பான். அந்தக் குரல் தெரியாதவன் கையில் மந்தையைக் கொடுக்க ஊர் ஒப்பாது.

அப்படி மந்தை சேர்த்த பாக்கிஸுக்கு முதலில் கை நடுங்கியது, பிறகு நாக்குக் குழறியது. கூப்பிட்டால் பதில் வரத் தாமதம்.

"குடிச்சுக் குடிச்சுக் காதும் போச்சு. மந்தைய நான் எடுத்துக்கிறேன்," என்று தம்பி எபீசு ஒயின் கடையில் கத்தினான்.

இவர்களுடைய அப்பாவும் அம்மாவும் ஓர் அக்கா தங்கையின் பிள்ளைகள்; அந்த மலையில் அப்படிக் கட்டிக்கொள்வதுண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அந்த அக்காளும் தங்கையும் ஒரு வேலித் தகராறில் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. பகை அப்படியே இறங்கி வந்திருந்தது.

அண்ணன் நடிப்பான் என்று நகரத்து ஆஸ்பத்திரிக்கும் எபீசு கூடவே போனான். டாக்டரம்மா பாக்கிஸின் தலையிலும் காதோரத்திலும் ஒயர்களை ஒட்டினாள். காதுக்குள் டிக் டிக் என்று சத்தம்.

"பேச வேண்டாம், சும்மா படுங்க. பதிலை மூளையே சொல்லிடும்."

அவன் வாய்ப்பேச்சை நம்ப ஊரில் ஆளில்லை. பேசாமல் கிடந்தது சாட்சியாயிற்று. சோதனை முடிந்ததும் டாக்டரம்மா சொன்னாள்:

"காது நல்லா இருக்கு. அங்கேயிருந்து மூளைக்குப் போற நரம்பு வழிதான் மெதுவாயிருக்கு. சாப்பாட்டுல வர்ற செம்பை இவர் உடம்பு வெளியேத்த மாட்டேங்குது, அது ஈரல்லயும் மூளையிலயும் படிஞ்சிருச்சு. ரத்தத்துலயே தெரிஞ்சுது."

"பாலாடைக்கட்டி காய்ச்சுற செம்புக் கொப்பரைய நக்கியிருப்பான்!" எபீசு சிரித்தான்.

"கொப்பரையால இல்லைங்க. அப்பா, அம்மா ரெண்டு பேர் வழியாவும் வந்தது. உங்களுக்கும் இருக்கலாம், ரத்தம் குடுங்க. மாத்திரை இருக்கு."

"எங்க ஆத்தா ரத்தத்தையா குறை சொல்ற?" கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, மூடுபனியில் சரிவே தெரியவில்லை. எபீசு ஊர்க்காரர் நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பாக்கிஸிடம் வந்து நின்றான்.

"சொல்லுண்ணே, உன் மந்தை எந்தப் பக்கம்?"

ஒரு மணியும் ஒலிக்கவில்லை. போன வாரமென்றால் தன் காதைத்தான் நொந்துகொண்டு தலை குனிந்திருப்பான். இன்று நின்று கேட்டான்.

"கு... குளம்பு கேக்குது. பு... புல்லு மேயிறது கேக்குது. மணி மட்டும் கேக்கல."

பனிக்குள் இறங்கி, முன்னால் போகும் ஆட்டின் கழுத்தைப் பிடித்து மணிக்குள் விரலை விட்டான். ஆடு திருடுகிறவர்கள் சத்தம் வராமலிருக்க அடைப்பதுபோல் புல் அடைத்திருந்தது. அடுத்த ஆட்டின் மணியிலும் அதேதான். நாலு பேரும் எபீசுவைப் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார்.

பாக்கிஸ் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மணியைக் கழற்றிவந்து நடுங்கும் கையால் தம்பியின் காதருகே ஆட்டினான்.

"கேக்குதாடா? போய் ரத்தம் குடு. அ... அதுவரைக்கும் என் பட்டிக்குள்ள கால் வைக்காத."