பத்து மீட்டருக்குள்

அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்த செய்தியைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "ரொம்ப சந்தோஷம் சார், சொந்த ஊருக்கே போறீங்க" என்று வாழ்த்தும் சொன்னேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் வாளியை ஓர் உதை விட்டேன். வாளி என்ன பாவம் செய்தது?

கல்வராயன் மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் தமிழ் டீச்சர், அவர் அறிவியல் வாத்தியார். கள்ளக்குறிச்சியிலிருந்து நான் பஸ்ஸில் மலையேறுவேன், அவர் பைக்கில் வருவார். இரண்டு வருடமாக எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பதுதான் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. இப்போது திருக்கோவிலூருக்கு மாற்றல். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட்ட அந்த மதியம்தான் எனக்கு மிச்சம். நாலு மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்போடு வந்தார். பிள்ளைகளை வைத்து அவர் எடுத்த பாட வீடியோக்கள் பன்னிரண்டு அதில் இருந்தன. கரையான் புற்று, சாமைக் கதிர், பலாப்பிஞ்சு என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகளே கைகாட்டி விளக்குவார்கள். அடுத்து வரும் வாத்தியாருக்காக அவற்றை என் லேப்டாப்பில் ஏற்றிவைக்க வேண்டும் என்றார்.

"டீச்சர், பெண்டிரைவ் இருக்குதுங்களா?"

"இல்லைங்க சார்."

இருந்தது. கைப்பைக்குள், சீப்புக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவில் கிடந்தது. வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.

"எங்கிட்டயும் இல்ல. இங்க நெட்டும் கெடைக்காது. ப்ளூடூத்துல போட்டுப் பாக்கலாமா? என்னா, லேட் ஆவும்."

"ஆவட்டும் சார்" என்றேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே உற்சாகம் காட்டிவிட்டேனோ என்று காது சுட்டது.

இரண்டு லேப்டாப்பையும் ஒரே பெஞ்சில் வைத்து உட்கார்ந்தோம். பத்து மீட்டருக்குள் இருந்தால்தான் ஒன்றுக்கு ஒன்று கேட்கும் என்று விளக்கினார். எனக்கு அவர் ஒரு முழத்தில் இருந்தார். அவருடைய லேப்டாப் என்னுடையதைத் தேடியது, கண்டுபிடித்தது, மறுபடி தொலைத்தது.

"இன்னும் பேர் ஆவல டீச்சர்."

சமையலறையிலிருந்து வந்த சத்துணவு அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். "யாருக்கு இன்னும் பேர் ஆவல? எந்தக் கொழந்தைக்கு?"

"கொழந்தை இல்லக்கா. பேர்னா ஜோடி. ரெண்டு கம்ப்யூட்டரும் ஜோடி சேரணும். அப்பத்தான் இதுல இருக்கறத அது வாங்கிக்கும்" என்றார் அவர்.

அக்கா இரண்டு திரையையும் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒட்டிக்கினு குந்தினுகீதுங்க, இன்னும் ஜோடி சேரலையா? இன்னாத்துக்கு இம்மாம் நேரம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாத்திரம் கழுவப் போய்விட்டார். நான் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தேன். அவர் இருமினார்.

கடைசியில் இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நான் ஒவ்வொன்றாக ஆமாம் போட்டேன். ஆறும் பொருந்தியது. பத்துப் பொருத்தமும் கூடிவந்த கல்யாணத் தரகர் மாதிரி எனக்கு உள்ளே ஒரே குதியாட்டம்.

முதல் வீடியோ கிளம்பியது. பச்சைக் கோடு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆகா, என்ன அருமையான வேகம்! கரையான் புற்று வந்து சேர்வதற்குள் அவருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். சாமைக் கதிர் வருவதற்குள் என் பிளஸ் டூ மதிப்பெண், என் அண்ணனின் கோபம், நான் பஸ்ஸில் தூங்கி வழிவது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தேவையானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

ஐந்தாவது வீடியோவில் தலைமையாசிரியை வந்தார். "ஏம்பா கஷ்டப்பட்டுக்கினு? எங்கிட்ட பெண்டிரைவ் இருக்குதே!"

"வைரஸ் இருக்கும் மேடம்!" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

மேடம் தன் பெண்டிரைவை ஒரு முறை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏன் என்னோடு சேர்ந்து கத்தினார் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. காதலில் இருப்பவளுக்கு மூளை கம்மி.

மூன்றரைக்குப் பதினோரு வீடியோ முடிந்து, கடைசிப் பலாப்பிஞ்சும் முக்கால்வாசி வந்துவிட்டது. "வெளிச்சம் பத்தல சார்" என்று ஏதோ உளறிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். கொடிக்கம்பம் தாண்டினேன், நெல்லி மரம் தாண்டினேன். பச்சைக் கோடு நின்றது. ஒன்றும் தெரியாத மகராசி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"கட் ஆயிடுச்சு சார்."

"அடடா. இந்த வீடியோவ மொதல்லேர்ந்து போடணுமே" என்றார். எரிச்சல்படுவார் என்று பார்த்தால், சீட்டியடித்தபடி மறுபடி போட்டார்.

ஆனால் எவ்வளவு நேரம் ஏமாற்ற முடியும்? நாலேகாலுக்கு அதுவும் முடிந்தது. அவர் கையெழுத்துப் போட்டார், லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார், பைக் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். மறுபடி ஒரு வாளி கிடைத்தால் தேவலாம் போலிருந்தது.

அவர் சாவியை வெளியே எடுத்தார். சாவிக்கொத்தில் ஒரு பெண்டிரைவ் தொங்கியது.

நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"இதுல போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே சார்?"

"முடிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷத்துல நான் கெளம்பியிருக்கணுமேங்க" என்றார். சொல்லும்போது சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் கைப்பையைக் கவிழ்த்தேன். சீப்பு விழுந்தது, பஸ் டிக்கெட்டுகள் பறந்தன, என் பெண்டிரைவ் பைக்கின் டேங்க் மேல் டொக்கென்று விழுந்தது. அவர் வாயைப் பிளந்தார். அப்புறம் நாங்கள் சிரித்த சிரிப்பில் நெல்லி மரத்தடியில் மேய்ந்த ஆடுகள் எட்டிப்போய் நின்றன. கீழே வளைவில் என் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

கழுவிய அண்டாவோடு வந்த சத்துணவு அக்கா எங்களைப் பார்த்து நின்றார்.

"இன்னா டீச்சர், ஜோடி சேந்துச்சா?"

"சேந்துச்சுக்கா" என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்குள்.