கெலிஓயா பஸ்ஸில் தொலையாத புத்தகம்

என் மெடிக்கல் புத்தகத்தை மறைத்தது நீங்கள்தான், முதலாளி. நான் தொலைக்கவில்லை. பத்தொன்பது வருடமாக நான் தொலைத்ததாகத்தான் ஊர் பேசுகிறது. அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குத்துச்சண்டைக்காரன் ஒவ்வொருவனுக்கும் பாஸ்போர்ட் அளவில் ஒரு புத்தகம் இருக்கும். போட்டிக்கு முன் டொக்டர் அதைப் பார்த்துத்தான் ரிங்கில் ஏற விடுவார். தலையில் அடிபட்டு விழுந்தால் எத்தனை நாள் ஏறக்கூடாது என்பதை அதில் எழுதுவார். எங்கள் கிளப்பில் அந்தப் புத்தகங்கள் எங்கள் கையில் இருக்காது. கிளப்பின் செயலாளர், கண்டி டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர், தன் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருப்பார். அவரைத்தான் முதலாளி என்கிறேன்.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் மாநகரசபையில் ரோடு கூட்டினார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடு சபையுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் சட்டி பானையோடு வெளியே. எங்கள் லைனில் பேசத் தொடங்கிய பிள்ளைக்கும் இது தெரியும்.

பத்தொன்பது வயதில் உங்கள் கடைக்கு வரும் லொறியில் சீமெந்து மூட்டை இறக்கினேன். தோளுக்கொன்றாக இரண்டு மூட்டை தூக்கியதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர்கள்.

“டேய், எத்தன கிலோடா நீ?”

“தெரியாதுங்க.”

ஆணி நிறுக்கும் பெரிய தராசில் ஏற்றினீர்கள். எழுபத்தொன்பது.

“இன்னும் ரெண்டு கிலோ ஏறுனா நீ ஹெவிவெயிட்டுடா. வீட்டுல சோறு திங்கிறியா, மண்ணத் திங்கிறியா?”

எழுபத்தொன்பது கிலோக்காரன் ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள எடையில்தான் சண்டை போட வேண்டும். அது அவனுக்குப் பொருத்தமான எடை. ஆனால் அந்த எடையில் உங்கள் தம்பி மகன் இருந்தான். ஹெவிவெயிட்டில் கிளப்புக்கு ஆளே இல்லை. ஒவ்வொரு எடைக்கும் புள்ளி. எல்லாப் புள்ளியும் சேர்ந்தால்தான் கப். ஒரு எடையில் ஆளில்லாத கிளப் கப்பை மறந்துவிட வேண்டியதுதான். அந்த ஓட்டையை அடைக்க உங்களுக்கு ஒரு மூட்டை தேவைப்பட்டது.

எடை பார்க்கும் நாளில் மற்றவர்கள் பட்டினி கிடப்பார்கள். எடை குறைய வேண்டுமென்று எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து தின்பேன். அவித்த பலாக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், பிறகு போத்தல் போத்தலாகத் தண்ணீர். தராசில் ஏறி இறங்கும்வரை மூத்திரம் பெய்யக்கூடாது.

“அண்ணே, ஒங்களப் பாத்தே எனக்கு ஒரு கிலோ ஏறிருச்சு. அங்கிட்டுத் திரும்பித் தின்னுங்க,” என்று எங்கள் கிளப்பின் சின்ன எடைக்காரன் ஒருவன் கும்பிடுவான்.

“நீ மூச்ச அடக்கிக்கிட்டு இரு. வாசம் புடிச்சாலும் ஏறும்.”

எண்பத்தொன்றைத் தாண்டியதும் நீங்கள் கைதட்டுவீர்கள். நான் கழிப்பறைக்கு ஓடுவேன். அரை மணி நேரத்தில் மறுபடி எழுபத்தொன்பது. எதிரே நிற்பவன் உண்மையிலேயே தொண்ணூறு கிலோ இருப்பான்.

அப்படித்தான் நான் தேசிய சம்பியன் ஆனேன். இரண்டு முறை. இந்த நாட்டில் அந்த எடையில் ஆட்கள் குறைவு. முதல் வருடம் நான்கு பேர்தான் பெயர் கொடுத்தார்கள், அதில் ஒருவன் வரவேயில்லை. அவனோடு மோத வேண்டியவன் நான், அதனால் நேரே இறுதிப் போட்டி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் இறுதிப் போட்டியை அடித்துத்தான் வென்றேன். என்னைவிட ஒரு சாண் உயரமானவன். இரண்டு ரவுண்டு என்னைத் துவைத்தான். விடிந்தால் அம்பிட்டிய மேட்டில் ஓடி ஓடிச் சேர்த்த மூச்சு மூன்றாம் ரவுண்டில் எனக்கு மிச்சம் இருந்தது. அவனுக்கு இல்லை.

சம்பியன் என்பதால் சபையில் நிரந்தர வேலை கிடைத்தது. போய்ப் பேசியவர் நீங்கள். அதை நான் மறுக்கவில்லை. என் வேலை குப்பை டிரக்டரில். மார்க்கெட்டுக்குப் பின்னால் டிரக்டர் நின்றால் மரக்கறிக் கடைக்காரர்கள் விடமாட்டார்கள்.

“சம்பியன், இந்த அழுகுன பூசணிக்காய்க்கு ஒரு குத்து விடுங்க பாப்போம்.”

“அது ஒங்க மொதலாளி மூஞ்சி மாதிரி இருக்கு. பாவம், விட்டுருவோம்.”

சிரித்தோம். அந்த நாட்கள் மோசமில்லை. ஆனால் பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. குத்துச்சண்டையால் வேலை, வேலையால் வீடு, குத்துச்சண்டை உங்கள் லாச்சியில். எனக்குக் கலியாணம் ஆகி, அப்பாவும் அம்மாவும் அதே வீட்டில் என்னோடுதான் இருந்தார்கள். உங்கள் கடை வாசலில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் ஒரு நாளும் நீங்கள் கூப்பிட்டதில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் வருடம் கொழும்பில் ஒரு போட்டியில் விழுந்தேன். எப்படி விழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது டொக்டர் என் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் ரிங்கில் ஏறக்கூடாது என்று சிவப்புப் பேனையால் புத்தகத்தில் எழுதினார். அதை நான் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில் கடுகண்ணாவ மலை ஏறும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். புத்தகத்தை வாங்கி உங்கள் பையில் வைத்தது நீங்கள்.

ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்துக்குள், தேசியப் போட்டி. கடைக்குக் கூப்பிட்டனுப்பினீர்கள்.

“தம்பி, ஒன் புத்தகத்தக் காணோம்.”

“ஒங்க லாச்சியிலதானே இருந்துச்சு?”

“அதத்தான் காணோங்கிறேன். புதுசு எடுக்க, தொலைஞ்சு போச்சுன்னு பொலிஸ் என்ட்ரி வேணும். வா, ஒரு கையெழுத்துத்தான்.”

பொலிஸ் நிலையத்தில் நீங்கள் உள்ளே போய்ப் பேசினீர்கள். நான் வாசலில் நின்றேன். பிறகு கூப்பிட்டார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்படி பொலிஸ்காரர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேச வரும். சண்டை பிடிப்பேன், பகிடி விடுவேன், பொய்கூடச் சொல்வேன். எழுத்து மட்டும் தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவன். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான். பேசுகிற வேகத்தைப் பார்த்து வாசிக்கவும் வரும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்துவதில்லை. தேசிய சம்பியன், பொலிஸ்காரருக்கு முன்னால், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வரியாகக் கண்ணை நகர்த்தினேன். ஒரு இடத்தில் நிறுத்தி, யோசிப்பது மாதிரித் தலையாட்டினேன். பிறகு போட்டேன் கையெழுத்து.

அது என் பிழை. அதற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

புதுப் புத்தகம் வந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. அதன்படி என் தலையில் யாருமே அடித்ததில்லை. அப்போது எனக்கு விளங்கியது.

“டொக்டர் மூணு மாசம்னாரே,” என்றேன்.

“எந்த டொக்டரு? புத்தகத்துல ஒன்னுமில்லயே.” சிரித்தீர்கள். “தலவலி இருக்கா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா இல்லன்னு அர்த்தம். இந்த வருசம் ரெண்டே பேருதான். தோத்தாலும் ரெண்டாம் எடத்துக்குப் புள்ளி உண்டு. ஒரு ரவுண்டு நின்னுட்டு எறங்கிரு. நீ ஏறலன்னா நாளைக்குச் சபையில கேப்பாங்க, ஒங்க சம்பியன் எங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?”

ஏறினேன். பயந்துதான் ஏறினேன், அடிக்குப் பயந்து அல்ல. முதல் ரவுண்டு முடிந்ததும் இறங்கியிருக்கலாம். இடைவேளையில் நான் உட்கார மூலையில் கதிரை போட்ட எங்கள் கிளப் பையன் இறங்கச் சொன்னான். நான் இறங்கவில்லை. இரண்டாம் ரவுண்டில் ஒரு குத்து. இடது கண்ணில் கீழேயிருந்து கறுப்புத் தண்ணீர் ஏறுவது மாதிரி இருந்தது. ஏறி ஏறி மூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ஒப்பரேஷன் செய்தார்கள். கண் திரும்பவில்லை. கப்பை அந்த வருடம் நாம்தான் எடுத்தோம்.

பிறகு குத்துச்சண்டைச் சங்கத்தில் விசாரணை. ஆறு கிழமைக்கு முன் விழுந்தவன் எப்படி ஏறினான் என்று கேட்டார்கள். நீங்கள் ஒரு தாளை நீட்டினீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குத்தான் முதல் தடவை என் காதால் கேட்டேன். கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், என் கையில் இருந்த புத்தகத்தை, என் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன் என்று இருந்தது. அந்த மாதம் நான் கெலிஓயாப் பக்கமே போகவில்லை. எனக்கு அங்கே யாரும் இல்லை. கீழே என் கையெழுத்து, அழகாக.

நீங்கள் பக்கத்துக் கதிரையில் கவலையோடு தலையாட்டினீர்கள். “பதக்கத்து ஆசையில எங்கட்டயும் மறைச்சிட்டான்,” என்றீர்கள். எனக்கு ஆயுள் தடை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“வாசிக்காமலா போட்டீங்க?”

“எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.”

“சபையிலருந்து கடுதாசி வந்தா கையில வச்சுப் பாத்துக்கிட்டே நிப்பீங்களே, அது என்னா?”

அதன் பிறகு நான் சொல்லும் எதையும் அவள் உடனே நம்புவதில்லை. மருந்து குடித்தேன் என்றால் போத்தலைத் தூக்கிப் பார்ப்பாள்.

டிரக்டரில் ஒற்றைக் கண்காரன் நிற்க முடியாது. சபை லொறி நிறுத்தும் யார்டில் வாச்சராகப் போட்டார்கள். வாசலில் கதிரையைக் குறுக்காகப் போட்டு, ரோடு வலது பக்கம் வரும்படி உட்கார்கிறேன். அந்தக் கதிரையிலேயே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சம்பியன் என்று கூப்பிடுகிறார்கள். குரலிலேயே தெரியும், எந்தச் சம்பியன் என்று. கண்டியில் கிளப்களில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் என் கதையைத்தான் சொல்கிறார்களாம்: அடிபட்டால் மறைக்காதே, மறைத்துக் கண்ணை இழந்தவன் அந்த யார்டு வாசலில் இருக்கிறான், போய்ப் பார். ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டிச் சொன்னதை நானே கேட்டேன். கண் போனதை நான் பழகிக்கொண்டேன். டொக்டரை ஏமாற்றியவன் என்ற பெயரை என்னால் பழக முடியவில்லை.

ஒரு வக்கீலிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “அண்ணே, அந்த என்ட்ரி பொய்னு நீங்க சொன்னா, பொலிசுக்குப் பொய் சொன்னது யாரு? கையெழுத்து ஒங்களோடது. மொதல்ல ஒங்களத்தான் புடிப்பாங்க. சபை வேல நிக்குமா?”

வேலை நிற்காது. வேலை நிற்காவிட்டால் வீடு நிற்காது. அப்போதே அப்பா இல்லை, அம்மா படுக்கையில். அதனால் வாயை மூடினேன். பேசினால் பொய் முறைப்பாடு கொடுத்தவன், பேசாவிட்டால் டொக்டரை ஏமாற்றியவன். ஒரு தாளில் என்னை இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறீர்கள். நன்றாக யோசித்துத்தான் செய்தீர்களா, இல்லை சும்மா அமைந்துவிட்டதா என்று யார்டு வாசலில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன்.

போன மாதம் இரண்டு பேர் யார்டுக்கு வந்தார்கள். உங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், விளையாட்டுக்குச் செய்த சேவைக்கு.

“சம்பியன், நீங்கதான் பொன்னாட போடணும்.”

“நானா?”

“மொதலாளியே சொன்னாரு. நீங்க வந்து போட்டா நல்லா இருக்குமாம். விழா மலருக்கு ஒரு பக்கம் வாழ்த்தும் எழுதிக் குடுங்க.”

நான் வந்து போட்டால் எல்லாம் சரியாகிவிடும். செத்தாலும் அதன் பிறகு நான் எதுவும் சொல்ல முடியாது. அதற்குத்தானே கூப்பிட்டீர்கள்?

கேட்ட பக்கம் இதுதான். மலரில் போடமாட்டீர்கள் என்று தெரியும், வேறு இடத்தில் வரும். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “வீடு போனா?” என்று கேட்டாள். “போகட்டும்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கிழிக்கவில்லை. அவளும் கிழி என்று சொல்லவில்லை.

நான் கொடுத்த பொலிஸ் முறைப்பாடு பொய். என் பெயரில், என் கையெழுத்தில் இதை ஒப்புக்கொள்கிறேன். வருகிறவர்கள் யார்டுக்கு வரட்டும், நான் அங்கேதான் இருப்பேன்.

விழாவன்று மண்டபத்துக்கும் வருவேன். முன் வரிசையில் உட்காருவேன். பொன்னாடையைத் தொடமாட்டேன். மைக் உங்கள் கையில் வந்ததும் சொல்லுங்கள் முதலாளி: சிவப்புப் பேனையால் எழுதிய அந்தப் புத்தகத்தை என்ன செய்தீர்கள்? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். வந்திருக்கும் எல்லோர் முன்னாலும், தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை சொல்லுங்கள்.