விளக்கைச் சுற்றிய நார்த்தங்காய்

சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 1946, வைகாசி மாதம். திருக்கோகர்ணத்துக்கு வடக்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ஒரு சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் பார்க்க வந்த கதையில் என்ன அதிசயம், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்த மாதிரி வேறு எங்கும் நடந்திருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. டவுன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். படிப்பை விட வாய் அதிகம் என்று என் ஆத்தா சொல்லுவாள். அன்றைக்குக் காலையிலிருந்தே, "இன்னைக்கு ஒரு நாளாச்சும் வாயை மூடிக்கிட்டு இருடி" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளைக்கு மணமேல்குடி. தாய் தகப்பன் இல்லை, அக்காள்தான் வளர்த்தது. அந்த அக்காளும் அவரும் மட்டும் வந்திருந்தார்கள். சண்டைக் காலத்தில் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலைக்குப் போனவர். கப்பல் சீமையின் வடகோடியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் பழுது பார்க்க நின்றுவிட்டதால், ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அங்கேயே கிடந்திருக்கிறார்.

நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்ளர் சூடு தாங்காமல் அவர் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றித் திண்டாடினார். எஞ்சின் ரூமில் நெருப்புக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவருக்கு இந்தக் காபி தாங்கவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். கோபப்படாமல் அவரும் சிரித்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இதைச் சொல்ல இன்றைக்கு எனக்கென்ன வெட்கம்.

கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். விவசாயி. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. என் அக்காளைக் கொடுத்த இடத்தில் சொந்த மாடி வீடு என்று சொல்லியிருந்தார்கள், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் அது வாடகை வீடு. அத்தான் தங்கமான மனிதர்தான். இருந்தாலும் அப்பாவுக்கு அந்தக் காயம் ஆறவில்லை. சின்னவளுக்கு ஓட்டை வீடானாலும் சரி, வாயில் பொய் வராத ஆளாக இருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "ஏன் தம்பி, சீமையில வெயிலு மழையெல்லாம் எப்பிடி?"

"அதை ஏங்க கேக்குறீங்க. கோடையில அங்கிட்டு ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்கும். வெளிய உக்காந்து பேப்பர் படிக்கலாம். மார்கழியில அதுக்கு நேர்மாறு. மத்தியானம் சாப்புட்டுக் கை கழுவுறதுக்குள்ள இருட்டிப் போகும்."

அப்பாவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"ராத்திரி பத்து மணிக்கு?"

"ஆமாங்க. படுத்தா தூக்கம் வராது. சாக்கை எடுத்து சன்னல்ல மாட்டிட்டுத் தூங்குவோம்."

"எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு தம்பி" என்றார் அப்பா. எழுந்து தோள் துண்டை உதறினார். அவர் துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "பொழுது விடியறதும் அடையறதும் ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஒண்ணு. அதுலயே இப்பிடி அளக்குறவருக்கு நான் பொண்ணு குடுக்குறதா இல்லைங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப் போயிற்று. அவர் அக்காளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி பொய் சொல்றவன் இல்லைங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். கொண்டுவந்த பூவும் பழமும் இருந்த தாம்பாளத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் வாசற்படி இறங்கினால் அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்பமாட்டார். ஆத்தா என் கையைப் பிடிக்கப் பிடிக்க, நான் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"அப்பா, மார்கழியில பகல் குறையுதுன்னு ஊர்க் கூட்டத்துல சண்டை போட்டது யாரு? நீங்கதானே?"

இதற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் கண்மாய் மடையில் பகல் தண்ணீர் எங்கள் வயலுக்கு, ராத்தண்ணீர் பக்கத்து வயல்காரருக்கு. விடிந்ததும் தண்ணீரை எங்கள் வாய்க்காலுக்குத் திருப்பவேண்டும், பொழுது அடைந்ததும் அவருக்கு விட்டுவிட வேண்டும். தாத்தா காலத்து ஏற்பாடு. மார்கழியில் பகல் குட்டை, ராத்திரி நீளம், அதனால் என் பயிருக்குத் தண்ணீர் குறைகிறது, அந்த மாதத்தில் பாதி நாள் ராத்தண்ணீரை எனக்கு விட்டு முறையை மாற்றிக் கொடு என்று அப்பா வருஷா வருஷம் கேட்பார். பக்கத்து வயல்காரரோ, "பகலும் ராத்திரியும் சாமி பாகம் பிரிச்சது, குளிருக்கு ஒனக்கு அப்பிடித் தெரியுது" என்று சொல்லிவிடுவார். ஊரே சிரிக்கும். அப்பா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

நான் அதை எடுத்துப் போட்டதும் அப்பாவுக்குச் சுருக்கென்றது. "அது நெசந்தான். ஆனா நமக்குக் குறையறது கொஞ்சூண்டு. இவரு சொல்றது பாதி ராத்திரியில்ல" என்றார். பிறகு, "பள்ளிக்கூடத்துல படிச்சியே, அது எப்பிடின்னு காட்டு பாப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. கொல்லையில் ஓடி ஒரு நார்த்தங்காய் பறித்து வந்தேன். சாக்குத் தைக்கும் கோணி ஊசியை அதன் நடுவில் மேலிருந்து கீழாகக் குத்தினேன். நடுவுக்குச் சற்று மேலே ஒரு குங்குமப் பொட்டு, அது நம்ம ஊர். மேலே காம்புப் பக்கமாக வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு பொட்டு, அது சீமை. கூடத்தில் ஆத்தா ஏற்றி வைத்திருந்த குத்துவிளக்குதான் சூரியன்.

விளக்குக்கு எதிரே ஊசியை நேராக நிறுத்திக் காயைச் சுற்றினேன். குங்குமப் பொட்டு பாதி நேரம் வெளிச்சத்தில், பாதி நேரம் இருட்டில். சுண்ணாம்புப் பொட்டும் அப்படியே. இன்னொரு தடவை சுற்றினேன். இரண்டும் சமம். எப்படிச் சுற்றினாலும் சமம்.

அப்பா கெக்கலித்துச் சிரித்தார். "பாத்தியா, நீயே சொல்லிட்டே. எல்லா ஊருக்கும் பகலும் ராத்திரியும் ஒண்ணு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் என்னவோ சொன்னாரே, எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து உலக உருண்டை தாங்கியை விட்டுக் கழன்று போனது. டீச்சர் அதைக் கையில் வைத்துத்தான் உருட்டிக் காட்டுவார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

அப்போதுதான் வாசல் பக்கம் நின்ற மாப்பிள்ளை கிட்டே வந்தார். "கப்பல்ல கேப்டன் ரூம்ல இந்த மாதிரி உருண்டை ஒண்ணு இருந்துச்சுங்க" என்றார் மெதுவாக. "அது நேரா நிக்காது, சாஞ்சுதான் நிக்கும். கப்பல் ஆட்டத்துல சாஞ்சு போச்சுன்னு நெனச்சு, ஒரு நாள் தொடைக்கிறப்ப நிமித்தி வெக்கப் பாத்தேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பூமியே சாஞ்சுதான்டா இருக்குன்னு திட்டுனாங்க. சாஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த ஊசியின் மேல் முனையைப் பிடித்து விளக்குப் பக்கம் சாய்த்தார். நான் காயைச் சுற்றினேன்.

சுண்ணாம்புப் பொட்டு வெளிச்சத்தில் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. இருட்டுக்குள் கொஞ்சம் போய் எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டது.

எனக்கு டீச்சர் சொன்னது முழுசும் ஞாபகம் வந்தது. "இது கோடை. பூமி சூரியனைச் சுத்தி அந்தப் பக்கம் போறப்ப மார்கழி. ஊசி இப்ப பாக்குற தெசையையே பாக்கணும், மாத்தக்கூடாது" என்றேன். ஊசியின் அடியை நான் பிடித்திருக்க, முனையை அவர் பிடித்திருக்க, இரண்டு பேரும் விளக்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம். ஆத்தா, "விளக்கை எடமாச் சுத்தாதீங்க, வலமாப் போங்க" என்று பதறினாள். சரியென்று திரும்பி வலமாகவே போனோம். பூமி உண்மையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தாலும் ஆத்தா விட்டிருக்கமாட்டாள்.

அந்தப் பக்கம் போய் நின்றதும், முனை விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருந்தது. இப்போது காயைச் சுற்றினால் சுண்ணாம்புப் பொட்டு இருட்டிலேயே கிடந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"சாப்புட்டுக் கை கழுவுறதுக்குள்ள..." என்று மாப்பிள்ளையின் அக்காள் முணுமுணுத்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது.

அப்பா விளக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் கையாலேயே காயைச் சுற்றிப் பார்த்தார். அவர் சீமையைப் பார்க்கவில்லை. குங்குமப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெளிச்சத்தில் கொஞ்சம் குறைவாகவும் இருட்டில் கொஞ்சம் கூடுதலாகவும் நின்றது. எங்களை மறுபடி கோடைப் பக்கம் நடக்கச் சொல்லிப் பார்த்தார். திரும்ப மார்கழிப் பக்கம் நடக்கச் சொன்னார். நாங்களும் சளைக்காமல் நடந்தோம். எத்தனை தரம் என்று யார் எண்ணினார்கள்.

"அப்ப நான் சொன்னது நெசம்" என்றார் அப்பா. "நம்ம பகல் குறையத்தான் செய்யுது. நடு ஊருக்குக் கொஞ்சமாக் குறையுது, கோடி ஊருக்கு ஒரேயடியாக் குறையுது. சாய்மானம் ஒண்ணுதான். இத்தனை வருசமா என்னைப் பொய்யன்னு சொன்னானுங்களே."

பிறகு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். தன்னைப் பொய்யன் என்று ஊர் சிரித்தபோது எப்படி இருந்ததோ, அதையே இந்தப் பிள்ளைக்குத் தானும் செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்கவேண்டும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. எழுந்து போய், அக்காள் கையிலிருந்த தாம்பாளத்தைத் தானே வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இலையைப் போடச் சொல்றேன். இருந்து சாப்புட்டுத்தான் போகணும், மாப்பிள்ளை" என்றார்.

அதுவரை தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காள் என் கன்னத்தைக் கிள்ளி, "விளக்கை அத்தனை தடவை சுத்தி வந்தாச்சு, இனிமே அய்யரு எதுக்கு, மணவறை எதுக்கு" என்று கேலி செய்தார்கள். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாலும் சிரித்துக்கொண்டுதான் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா அந்த நார்த்தங்காயையும் ஒரு விளக்கையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போனார். அந்த மனிதர் முழுசும் பார்த்துவிட்டு, மார்கழியில் முறையை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டாராம். ஆனால் ஆனியில் பகல் நீளமாயிற்றே, அதற்கு எனக்கு என்ன ஈடு என்று கேட்டாராம். கண்மாயில் ஆனி மாதம் ஏது தண்ணீர்! இதைச் சொல்லிச் சொல்லி அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எங்கள் கல்யாணம் அந்த ஆனியிலேயே நடந்தது. ராத்திரி பத்து மணி வெளிச்சத்தை நான் இன்றுவரை என் கண்ணால் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் யாராவது எனக்குப் புரியாத ஒன்றைச் சொன்னால், பொய் என்று சொல்ல என் நாக்கு எழுவதில்லை. அவர்கள் நின்ற இடத்தில் பொழுது எப்படிச் சாய்ந்ததோ என்று நினைத்துக்கொள்கிறேன், அன்றைக்கு அப்படி நினைக்க ஆளில்லாமல் போயிருந்தால் இந்த மனிதர் வாசற்படி இறங்கிப் போயிருப்பாரே என்ற நடுக்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.