நைனாவுக்கு எடுத்த பாட்டில்

வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த மூன்று ஸ்காட்ச் விஸ்கி பாட்டில்களை மேஜைமேல் வைத்து, “உன் அப்பாவுக்கு ஒன்று எடுத்துக்கொள்” என்றார். நான் அப்போது பட்டணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். ஐம்பதுகள், மதுவிலக்குக் காலம். பெர்மிட் வைத்திருந்த அவருக்குக் குற்றமில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஜெயில், வேலையும் போய்விடும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை.

காரணம் நைனா, என் அப்பா. ஒரு துரை பங்களாவில் இருபத்தெட்டு வருஷம் பட்லராக இருந்துவிட்டு, துரை கப்பலேறியதும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து உட்கார்ந்தவர். பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்புகிறானே என்று சொந்தக்காரர்கள் தூற்றியபோது, “எம் பொண்ணு போவா” என்று ஒரே பேச்சில் அவர்கள் வாயை அடைத்தவர். அத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தாரே தவிர, ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. துரை படுக்கப் போகுமுன், எதுவரை மிச்சம் என்று பாட்டில்மேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போவாராம். அதைச் சொல்லி நைனா சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றில் இரண்டு சாதாரண பாட்டில்கள். புடவையில் சுருட்டினால் தெரியாது. மூன்றாவது, மூன்று பக்கமும் குழிந்து, மேலே கம்பி வலை போட்டது. வருஷப் பிறப்பன்று மட்டும் துரை திறப்பார் என்று நைனா கையாலேயே வடிவம் காட்டிச் சொன்னது அதைத்தான். புத்தியுள்ளவள் எவளும் தொடமாட்டாள். நான் அதையே எடுத்தேன்.

ஹாஸ்டலுக்கு வந்து ஒவ்வொரு பையாக வைத்துப் பார்த்தேன். எந்தப் பையில் வைத்தாலும் புடைத்துக்கொண்டு நின்றது. ஆந்திர எல்லைப் பக்கம் போகிற ரயிலில் சோதனை உண்டு. கடைசியில் கத்தரியால் வலையை அறுத்தெடுத்து, விஸ்கியைப் பெரிய மருந்து பாட்டில் ஒன்றில் மாற்றினேன். வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் கோடு போட்டு ஒட்டிய காகிதம் அதன் பக்கத்தில் இருந்தது. பார்ப்பவர்கள் மருந்தென்றே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். கார்க்கைச் சுற்றிய துணியில் பினாயில் தடவினேன். வலையைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டேன்.

மீஞ்சூரில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார்கள்.

“பையில இன்னாம்மா?”

“எங்கப்பாவுக்கு மருந்து.”

அவர்களில் பெரியவர் பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இத்தத் தொற.”

கம்பி தலையில் குத்தியது. கையைக் கொண்டைப் பக்கம் போகவிடாமல் மடியில் அழுத்திக்கொண்டேன். பிறகு வார்டில் பேசுகிற குரல் தானாக வந்தது.

“தொறக்கறேன். மாருவலி மருந்து அது. கெட்டுப்போச்சின்னா எங்கூட கும்மிடிப்பூண்டிக்கு வந்து நீங்களே எங்கப்பாவுக்கு பதில் சொல்லணும்.”

அவர் பாட்டிலைத் திறக்காமலே கார்க்கை மூக்கருகே கொண்டுபோனார். பினாயில் நெடியில் முகம் கோணியது. பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நைனா மருந்து பாட்டிலைப் பார்த்ததும் கோபப்பட்டார். “எனக்கு இன்னா நோவு?”

கொண்டையை அவிழ்த்து, வலையை எடுத்து அந்த பாட்டிலுக்கு மாட்டினேன். தொளதொளவென்று தொங்கியது. அவர் விரலால் அந்தக் கம்பியைத் தடவினார். எழுந்துபோய் ஒரு கிளாஸ் கொண்டுவந்தார். துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

“உனக்குத்தான் நைனா. உட்காரு.”

உட்கார்ந்தார். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினார். அந்தக் காகிதம் கண்ணில் பட்டது.

“எந்தக் கோடு வரைக்கும்மா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. பாட்டிலைப் பிடுங்கி, நகத்தால் காகிதத்தைச் சுரண்டினேன். பசை லேசில் விடவில்லை. கடைசித் துணுக்கும் போகும்வரை அவர் கிளாஸைத் தொடாமல் காத்திருந்தார்.